மக்தலாவிலிருந்து றக்பி வரை: ஹொஸ்டலில் விடப்பட்ட ஒரு இளவரசன்

ஓ.எல் வரலாறு படித்த எல்லாருக்கும் கோல்புறூக் – கமரோன் ஆணைக்குழுவைத் தெரியும். 1833 சீர்திருத்தம், இராஜகாரிய முறை ஒழிப்பு, ஐந்து மாகாணங்கள், சட்டநிரூபண சபை. பாடமாக்கி எழுதிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியில் வந்ததும் மறந்துபோகிற பெயர்களில் ஒன்று. அந்தக் கமரோனுக்கு ஒரு மனைவி இருந்தார். பெயர் ஜூலியா மார்கரெட் கமரோன். கல்கத்தாவில் பிறந்தவர், நாற்பத்தெட்டு வயதில்தான் கமராவைக் கையில் எடுத்தவர், இன்றைக்குப் புகைப்படக்கலையின் வரலாற்றை எழுதுகிற யாரும் தாண்டிப்போக முடியாத ஆள்.

அவர் எடுத்த படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பொடியனின் முகம் எங்களுக்குத் தட்டுப்பட்டது. 1868 ஜூலை, இங்கிலாந்தின் வைட் தீவு. ஏழு வயதுப் பிள்ளை. முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தக் காலத்துப் படங்களில் ஆரும் சிரிப்பதில்லைத்தான், அசையாமல் கனநேரம் இருக்க வேணும். ஆனால் இது கமராவுக்காக அசையாமல் இருக்கிற முகம் மாதிரித் தெரியவில்லை. பெயர் அலெமாயேஹு. எதியோப்பியப் பேரரசர் இரண்டாம் தெவொத்ரோஸின் மகன். படம் எடுக்கப்படுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னர் அப்பா செத்துப்போனார். இரண்டு மாதத்துக்கு முன்னர் அம்மா.

அவனைப் பற்றி வாசிக்க வாசிக்க ஒரு அரசியல் வரலாறாகத் தொடங்கியது ஒரு ஹொஸ்டல் கதையாக மாறிக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம். எங்களில் இரண்டு பேர் புலமைப்பரிசில் பாஸ் பண்ணி ஆறாம் ஆண்டிலேயே ஹொஸ்டலுக்குப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிற அம்மாவை கேற்றடியில் நின்று தேடுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அலெமாயேஹுவுக்கு அந்தக் கேற்றடிக்கு வர ஒருவரும் இருக்கவில்லை.

முதலில் அவன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்பதைச் சொல்ல வேணும்.

தெவொத்ரோஸ் அரச குடும்பத்துக்குள் சும்மா பிறந்து வந்து கதிரையில் ஏறியவர் இல்லை. கஸா என்ற பெயரோடு வாளால் மேலே வந்து, சிதறிக் கிடந்த பிரபுக்களின் நிலங்களை ஒன்றாக்கி 1855 இல் முடிசூடியவர். சிங்கங்களை வளர்த்தவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, அது உண்மையும்கூட. நாட்டுக்குப் பீரங்கியும் தொழில்நுட்பமும் வேணும் என்று நினைத்தார். 1862 இல் விக்டோரியா மகாராணிக்குக் கடிதம் எழுதினார். நானும் கிறிஸ்தவன், நீங்களும் கிறிஸ்தவர், உதவுங்கோ என்ற தொனி. கடிதம் லண்டனில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது, பதில் போகவில்லை. அவமானப்பட்ட அரசர் பிரித்தானியக் கொன்சலையும் சில ஐரோப்பியர்களையும் பிடித்துச் சங்கிலி போட்டார். அந்தக் கொன்சலின் பெயரும் கமரோன்தான். சார்ள்ஸ் டங்கன் கமரோன். எங்கட ஆணைக்குழுக் கமரோனின் பெயர் சார்ள்ஸ் ஹே கமரோன். குழம்ப வேண்டாம், நாங்கள் ஏற்கெனவே குழம்பிவிட்டோம்.

பதில் கடிதம் எழுதியிருந்தால் ஒரு முத்திரைக் காசோடு முடிந்திருக்கக்கூடிய விசயம். அதற்குப் பதிலாக 1867 கடைசியில் ஜெனரல் றொபர்ட் நேப்பியரின் தலைமையில் பம்பாயிலிருந்து ஒரு படை புறப்பட்டது. ஏறத்தாழ 13,000 படையாட்கள், அவர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். அதைவிட இரண்டு மடங்கு எடுபிடி ஆட்கள். பீரங்கி இழுக்க 44 யானைகள். செங்கடல் கரையில் இறங்கி, றெயில் பாதை போட்டு, மலையெல்லாம் வழி வெட்டி மேலே போனார்கள். அந்த வழி வெட்டியவர்களில் மெட்ராஸ் சப்பேர்ஸ் படைப்பிரிவும் இருந்தது. அதாவது எதியோப்பிய மலையில் பாறை உடைத்த கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன. வெள்ளைக்காரன் செய்ததைப் பற்றி நாங்கள் பேசும்போது வசதியாக மறந்துபோகிற பகுதி இது. செலவு முடிவில் 90 லட்சம் பவுணுக்குக் கிட்ட வந்தது.

மக்தலா ஒரு மலையுச்சிக் கோட்டை. 1868 ஏப்ரல் 10 ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று, அதற்குக் கீழே அரோகே சமவெளியில் சண்டை நடந்தது. ஈட்டியும் பழைய துவக்கும் ஒரு பக்கம், புது றைபிள்களும் றொக்கெற்றும் மறுபக்கம். எதியோப்பியப் பக்கத்தில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், நேப்பியரின் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தெவொத்ரோஸ் பிடித்துவைத்த ஐரோப்பியர்களை விடுவித்தார். அதோடு விடவில்லை. 13 ஆம் திகதி கோட்டைக்குள் படை ஏறியது. உள்ளே வந்தவர்கள் பேரரசரின் உடலைத்தான் கண்டார்கள். தன்னைத் தானே சுட்டிருந்தார். சுட்ட கைத்துப்பாக்கி சில வருசங்களுக்கு முன்னர் விக்டோரியா அன்பளிப்பாக அனுப்பியது.

பிறகு கொள்ளை. நூற்றுக்கணக்கான கையெழுத்துச் சுவடிகள், தேவாலயச் சிலுவைகள், பொற்கிரீடம், கிண்ணங்கள். பிரித்தானிய அருங்காட்சியகம் படையோடு தன்னுடைய ஆளையே அனுப்பியிருந்தது, ஏலத்தில் வாங்குவதற்கு. கொள்ளைப் பொருளைச் சுமக்க 15 யானைகளும் இருநூறுக்குக் கிட்ட கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. அந்த ஊர்வலத்தில்தான் அலெமாயேஹுவும் அம்மா திருவொர்க்கும் போனார்கள்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேணும். பொடியனைக் கூட்டிக்கொண்டு போனதற்குப் பிரித்தானியர் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். தெவொத்ரோஸுக்கு நாடு முழுக்க எதிரிகள். விட்டுவிட்டுப் போனால் பிள்ளையின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. தகப்பனே சாகுமுன் மகனை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கச் சொன்னார் என்றும் சொல்லப்பட்டது. இது முழுப்பொய் என்று தள்ள ஏலாது. ஆனால் எதிரிகளின் நடுவில் அவனை அநாதையாக்கியது யார் என்ற கேள்விக்கு அந்தக் காரணம் பதில் சொல்லவில்லை. அம்மா திருவொர்க் ஏற்கெனவே நோயாளி. கடற்கரைக்கு வந்து சேரவில்லை. மே 15 ஆம் திகதி வழியிலேயே இறந்துபோனார்.

இதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே ஆள் கப்டன் ஸ்பீடி. ஆறரை அடி உயரம், சிவப்புத் தாடி. முன்னொரு காலத்தில் தெவொத்ரோஸின் படையாட்களுக்கே பயிற்சி கொடுத்தவர், பிறகு நியூசிலாந்துக்குப் போய், இந்தப் படையெடுப்புக்காக மொழிபெயர்ப்பாளராகக் கூப்பிடப்பட்டவர். அம்ஹாரிக் கதைப்பார். அப்பாவைத் தெரிந்தவர். எதியோப்பிய உடுப்பைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கிற, கொஞ்சம் விசர்த்தனமான சாகச மனுசன். பொடியன் அவரை ஒட்டிக்கொண்டான். இரவில் தனியே படுக்கமாட்டான், ஸ்பீடி பக்கத்தில் இருந்தால்தான் நித்திரை. மக்தலாவில் அவன் கண்டதும் கேட்டதும் அப்படி.

ஜூலையில் கப்பல் பிளிமத் துறைமுகத்தை அடைந்தது. வைட் தீவில் ஒஸ்போர்ன் மாளிகையில் விக்டோரியா அவனைச் சந்தித்தார். அவருக்குப் பொடியனைப் பிடித்துப்போனது. அதே தீவில்தான் கமரோன் அம்மையார் இருந்தார், படம் எடுத்தார். ஸ்பீடியோடு சேர்த்தும் எடுத்தார், தனியாகவும் எடுத்தார். ஊர்ப்பத்திரிகைகள் எல்லாம் அவனைப் பற்றி எழுதின. கண்காட்சிப் பொருளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் எங்கேயோ அவன் நின்றான்.

ஸ்பீடி அந்த வருசமே கலியாணம் கட்டினார். பிறகு அவருக்கு இந்தியாவில், அவாத் பகுதியில் பொலிஸ் வேலை. மனைவியும் அவரும் பொடியனும் இந்தியா போனார்கள். பிறகு பினாங்கு. எங்களுக்கு இந்த மூன்று வருசங்களில்தான் அவன் கொஞ்சம் பிள்ளையாக இருந்திருப்பான் என்று படுகிறது. வெயில் இருந்தது, வெளி இருந்தது, தன்னைப் போல நிறமுள்ள மனிசர் தெருவில் நடந்தார்கள், பக்கத்தில் அவன் நம்பின ஆள் இருந்தார். அது குடும்பம் மாதிரி ஒன்று.

அதை ஒரு கோப்புத்தான் முடித்துவைத்தது. பொடியனின் செலவை அரசாங்கம் கட்டுகிறது, ஆகவே அவனுடைய படிப்பை அரசாங்கம்தான் தீர்மானிக்கும். நிதியமைச்சர் றொபர்ட் லோ அவனை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பிப் பள்ளியில் சேர்க்க வேணும் என்று நின்றார். ஸ்பீடி மறுத்துப் பார்த்தார். விக்டோரியாவும் அவனைப் பிரிக்க விரும்பவில்லை. மகாராணி விரும்பாததையும் நிதியமைச்சு செய்யும் என்பது எங்களுக்குப் புதினமாகத்தான் இருந்தது. இந்த லோ சாதாரண ஆள் இல்லை. 1862 இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரீட்சைப் பெறுபேற்றின் அளவுக்குத்தான் காசு என்ற முறையைக் கொண்டுவந்தவர். பிள்ளைகளை எண்ணாகப் பார்ப்பதில் அவருக்கு முன் அனுபவம் இருந்தது. இன்னொரு வேடிக்கை, அதே அரசாங்கத்தின் பிரதமர் கிளாட்ஸ்டன் 1871 இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, மக்தலாப் பொருட்களைக் கொண்டுவந்ததற்காகத் தான் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். கிரீடத்துக்கும் கிண்ணத்துக்கும்தான் அந்த வருத்தம். பொடியனைப் பற்றிய கோப்பு வேறு மேசையில் போய்க்கொண்டிருந்தது.

பத்து வயதில் அவன் இரண்டாம் தரம் அநாதையானான். செல்ட்டென்ஹாம் கல்லூரியின் தலைமை ஆசிரியர் ஜெக்ஸ்-பிளேக்கின் பொறுப்பில் விடப்பட்டான். ஜெக்ஸ்-பிளேக் 1874 இல் றக்பி பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போனபோது அலெமாயேஹுவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் போனான்.

றக்பி என்றால் சும்மா ஒரு பள்ளி இல்லை. ஓவல் பந்து விளையாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அங்கேயிருந்துதான். 1828 தொடக்கம் 1842 வரை தோமஸ் ஆர்னோல்ட் அங்கே தலைமை ஆசிரியராக இருந்து, மேல்வகுப்பு மாணவர்களிடமே கீழ்வகுப்பாரை ஆளும் அதிகாரத்தைக் கொடுக்கிற முறையை இறுக்கமாக்கினார். மூத்தவன் அடிக்கலாம். இளையவன் மூத்தவனுக்கு எடுபிடி செய்ய வேணும், பாண் சுட்டுக் கொடுக்க வேணும், கூப்பிட்ட குரலுக்கு ஓட வேணும். பேரரசுக்கு அதிகாரிகள் இப்படித்தான் தயாரானார்கள்: முதலில் அடிபணியப் பழகு, பிறகு அடக்கப் பழகு. எங்கட பள்ளிக்கூடங்களின் பிறிபெக்ட், ஹவுஸ், பிரம்பு எல்லாம் எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டால், அந்தக் கடையின் பெயர்ப்பலகைகளில் றக்பியும் ஒன்று. கம்பஸில் முதலாம் வருசத்தில் சீனியர் சொன்ன நிறத்தில் சேர்ட் போட்ட ஆக்களுக்கு இதற்கு மேலே விளக்கம் தேவையில்லை.

அங்கே ஆங்கிலேயப் பிள்ளைகளே இரவில் போர்வைக்குள் அழுதார்கள். அவர்களுக்கு விடுமுறை என்று ஒன்று இருந்தது, வீடு என்று ஒன்று இருந்தது. அலெமாயேஹுவுக்கு விடுமுறையிலும் ஜெக்ஸ்-பிளேக்கின் வீடு, அல்லது யாராவது ஒரு பெரிய மனிசரின் வீடு. நல்ல மனிசர்கள்தான். ஜெக்ஸ்-பிளேக் கொடுமைக்காரர் என்று எங்கும் இல்லை. பொடியன் பண்பாகப் பழகுவான், விளையாட்டில் கெட்டிக்காரன், பந்தோடு ஓடும்போது மற்றப் பொடியள் அவனை மதித்தார்கள். படிப்பு மட்டும் ஏறவில்லை. லத்தீனும் கிரேக்கமும் தலையில் நிற்கவில்லை. மந்தம் என்று மேலிடத்துக்கு அறிக்கைகள் போயின.

இந்த மந்தம் என்ற சொல்லில் எங்களுக்கு நிறையக் கோபம் இருக்கிறது. ஏழு வயதுக்குள் போர் பார்த்தவன். பத்து வயதுக்குள் நாலு நாட்டுக்கு இழுபட்டவன். தாய்மொழியில் கதைக்க ஒரு ஆள் இல்லாமல், அம்ஹாரிக் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கிலிருந்து கழன்று போய்க்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து அம்மம்மா லக்கியாயே கடிதம் எழுதினார், பேரனின் முகத்தைத் தேடி. அந்தக் கடிதத்தின் மொழி பேரனுக்குத் தூரமாகிக்கொண்டிருந்த காலம் அது. இந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு இலத்தீன் வினைத்திரிபு நிற்கவில்லை என்றால் அது பிள்ளையின் மந்தமா? முகாமிலிருந்து வந்து வகுப்பில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பொடியளை எங்கட ஆசிரியர்களும் இதே சொல்லால்தான் கூப்பிட்டார்கள். நாங்களும் சிரித்தோம்.

பதினேழு வயதில் சண்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரி. யோசித்துப் பாருங்கோ. தன் அப்பாவின் கோட்டையை உடைத்த இராணுவத்துக்கு அதிகாரியாக அவனைத் தயார்ப்படுத்துகிறார்கள். அங்கே அவன் சரியாகக் கஷ்டப்பட்டான். வருசம் முடியுமுன்பே விலகினான். ஊருக்குப் போக வேணும் என்ற எண்ணத்தை வெளியில் சொன்னான். அது உடனடியாக அமர்த்தப்பட்டது. எதியோப்பியாவில் அப்போது நான்காம் யோஹன்னஸ் ஆட்சி. பழைய பேரரசரின் மகன் திரும்பிப் போவது யாருக்கும் வசதி இல்லை.

கடைசியில் அவன் தேடிப்போனது லீட்ஸ் நகரத்தை. அங்கே ஹெடிங்லியில் சிறில் ரான்சம் இருந்தார், றக்பியில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், இப்போது யோர்க்‌ஷயர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். (பிற்காலத்தில் புகழ்பெற்ற சிறுவர் எழுத்தாளர் ஆர்தர் ரான்சம் இவருடைய மகன்.) 1879 இலையுதிர்காலம். குளிர் பிடித்தது, நெஞ்சில் இறங்கியது. தனக்கு நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று நம்பி ஒரு கட்டத்தில் மருந்தை மறுத்தான். நவம்பர் 14 ஆம் திகதி இறந்துபோனான். வயது 18.

நஞ்சு என்று நினைத்ததைக் காய்ச்சல் பிதற்றல் என்று சொல்லலாம். பதினொரு வருசம் தன்னைச் சுற்றி இருந்தவர்களில் யாரை நம்புவது என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளையின் கடைசி நினைப்பு அது என்றும் சொல்லலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் எடுக்கிறோம்.

செய்தி கேட்ட விக்டோரியா தன் நாட்குறிப்பில் மனம் உடைந்து எழுதினார். அந்நிய நாட்டில் தன்னுடையவர் என்று ஒரு ஆள்கூட இல்லாமல் போய்விட்டான், வாழ்க்கை முழுக்கச் சந்தோசம் இல்லை, நிறத்தைப் பார்த்து ஆக்கள் தன்னை உற்றுப் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டான் என்ற கருத்தில். எல்லாம் தெரிந்திருக்கிறது. உலகத்தில் கால்வாசியை ஆண்ட மனுசிக்கு ஒரு பொடியனை ஊருக்கு அனுப்ப ஏலாமல் போனது. அன்பு பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பு ஒரு கோப்பைக்கூடத் திறந்து மூடவில்லை.

விண்ட்சர் கோட்டையில் புனித ஜோர்ஜ் தேவாலயத்தின் வெளிப்பக்கத்தில் அவனைப் புதைத்தார்கள். உள்ளே சுவரில் பித்தளைத் தகடு. அந்நியனை ஏற்றுக்கொண்டதைப் பற்றிய மத்தேயு சுவிசேச வரி அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏற்றுக்கொண்டார்களா, எடுத்துக்கொண்டார்களா என்பதில் தமிழில் சில எழுத்துத்தான் வித்தியாசம்.

கொள்ளைப்பொருட்களில் சில மெல்ல மெல்லத் திரும்பிப் போயிருக்கின்றன. 1924 இல் ஒரு கிரீடம். 2019 இல் தெவொத்ரோஸின் தலைமயிர், இறந்த உடலிலிருந்து வெட்டப்பட்டு லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருந்தது. பொற்கிரீடமும் கிண்ணமும் இன்னும் விக்டோரியா – அல்பேர்ட் அருங்காட்சியகத்தில். 2018 இல் நீண்டகாலக் கடனாகத் தரலாம் என்று அதன் பணிப்பாளர் சொன்னார். களவு கொடுத்தவனுக்கே கடன்! எதியோப்பியாவின் நாடாளுமன்றத்துக்கு வெளியில் சாதாரண சனத்துக்கும் இந்தக் கோபம் இருக்கிறது, கிரீடத்தைவிடப் பொடியனைப் பற்றித்தான் கூட.

2007 இல் எதியோப்பிய ஜனாதிபதி கிர்மா, எலிசபெத் மகாராணிக்கு எழுதினார், எலும்புகளைத் தாருங்கள் என்று. 2023 மே மாதம் பக்கிங்ஹாம் மாளிகை மறுபடியும் முடியாது என்றது. பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிற மற்றவர்களின் எச்சங்களைக் குழப்பாமல் அவனை எடுக்க இயலாதாம், இறந்தவர்களின் கண்ணியம் முக்கியமாம். அதே வருசம் செப்டெம்பரில் அலெமாயேஹுவின் தலைமயிர்க் கற்றை ஒன்று லண்டனில் எதியோப்பியத் தரப்பிடம் கையளிக்கப்பட்டது. ஸ்பீடியின் குடும்ப வழியில் ஆரோ பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தது. இதுவரை ஊர் திரும்பியிருப்பது அவ்வளவுதான், ஒரு பிடி மயிர்.

படம் எடுத்த கமரோன் அம்மையாரின் கதையையும் முடித்துவிடுவோம். 1875 இல் அவரும் கணவரும் சிலோனுக்கே வந்துவிட்டார்கள். பிள்ளைகள் இங்கே கோப்பித் தோட்டம் பார்த்தார்கள். கப்பலில் வரும்போது தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள், இங்கே நல்ல பெட்டி கிடைக்குமோ என்ற பயத்தில். களுத்துறையிலும் மலையகத்திலும் அவர் கமராவுக்கு முன்னால் நிறுத்தியவர்கள் தொழிலாளர்களும் கிராமத்துச் சனமும். அலெமாயேஹுவின் பெயராவது படத்துக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. இவர்களில் பலருக்கு அதுவும் இல்லை.

1879 ஜனவரியில், அலெமாயேஹு சாவதற்குப் பத்து மாதத்துக்கு முன்னர், அவர் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில். ஹற்றனில் இறங்கி பஸ் பிடித்தால் போய்ச் சேரலாம். போகிற ஆக்கள் அந்தப் படத்தை போனில் எடுத்துக்கொண்டு போங்கோ.